மலை மேல் இல்லாத வலி

சன்னல் ஓரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு இந்த வளைவெல்லாம் பழகிப்போச்சு. எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆடி மாசத்துல இருந்து ஏறி எறங்கிட்டு இருக்கறனுங்க. மொதல்லெல்லாம் கொமட்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வருவேன். இப்ப தூக்கமே வந்துருது. அசதிங்க. உடம்பு அசதின்னு சொல்ல முடியாது, என்னமோ ஒரு அசதி.

அருவிக்குப் போயிட்டு வர்றீங்களா? படி எறங்கி ஏறினீங்களா? அப்ப முட்டி எங்க இருக்குதுன்னு நாளைக்குக் காலையில உங்களுக்கே தெரியும். கோயில்கிட்ட சூப்பு குடிச்சீங்களா? முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பு. குடிச்சிருப்பீங்க. கொல்லிமலைக்கு வந்துட்டு அதைக் குடிக்காம யாரும் போறதில்ல. பார்க்க அசல் ஆட்டுக்கால் மாதிரியே, மேல பழுப்பு நெறத்துல ரோமம் வேற. கிழங்கு, கிழங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அது கிழங்கே இல்லீங்க. பெரணிச் செடியோட தண்டு. பாறை மேலயும் மரத்து மேலயும் ஒட்டிக்கிட்டு வளரும், மண்ணுக்குள்ள போகவே போகாது. நானும் எத்தனையோ பேர்த்துக்கிட்ட சொல்லிப் பார்த்துட்டேன். சரிங்க சார், ஒரு கிழங்கு குடுங்கன்னுதான் கேக்கறாங்க.

வைத்தியர் இல்லீங்க நானு. காலேஜ் வாத்தியார். நாமக்கல் பக்கத்துல ஒரு தனியார் காலேஜ், வேதியியல் துறை. பேரு குழந்தைவேலு. பி.எச்.டி. பண்ணிட்டு இருக்கறேன். இந்த வயசுலயான்னு நீங்க கேக்க வேண்டாம், எல்லாரும் கேட்டாச்சு. பகுதி நேரமாப் பண்றது, இழுத்துக்கிட்டே போச்சு. கைடு வர்ற வருசம் ஓய்வு பெறுறாரு. அவரு போறதுக்குள்ள நான் முடிச்சாகணும். முடிக்கலைன்னா காலேஜ்ல என்னைய வெச்சுக்க மாட்டாங்க. என்கிட்டப் படிச்ச பையன் இப்ப டாக்டர் பட்டம் வாங்கிட்டு எனக்கு மேல உக்காந்திருக்கறான். நல்ல பையன்தான். சார் சார்னுதான் கூப்பிடுவான். அதுதான் தாங்க முடியல.

தலைப்பு இதுதானுங்க, முடவாட்டுக்கால். மூட்டு வீக்கத்தை இது குறைக்குதுன்னு மலையில சொல்றாங்க. சரி. எது குறைக்குது? அதுதான் கேள்வி. ஒரு செடிக்குள்ள நூறு சரக்கு கெடக்கும். சர்க்கரை இருக்கும், துவர்ப்பு இருக்கும், பேர் தெரியாத நெறமெல்லாம் இருக்கும். அத்தனையும் மருந்து இல்லீங்க. கல்யாணத்துக்கு ஊரே வந்திருக்கும், தாலி கட்டறவன் ஒருத்தன்தானே? அவனைப் புடிக்கணும். பொடி பண்ணி, சாராயம் மாதிரி ஒரு திரவத்துல காய்ச்சி எறக்கி, அந்தச் சாறைப் பங்கு பங்காப் பிரிச்சு, ஒவ்வொரு பங்கையும் சோதிக்கணும்.

எப்படிச் சோதிக்கறதுன்னு கேக்கறீங்களா? முட்டைங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். முட்டையோட வெள்ளைக்கருவைச் சூடு பண்ணினா கெட்டியாகும் இல்லீங்களா? வீக்கம் வர்ற எடத்துலயும் ஒடம்புல இருக்கற புரதம் அந்த மாதிரிதான் கெட்டுப்போகுதுன்னு ஒரு கணக்கு. சாறு சேர்த்த வெள்ளைக்கரு சூட்டுலயும் கலங்காம நின்னா, அதுல சரக்கு இருக்குதுன்னு அர்த்தம். எங்க காலேஜ் வசதிக்கு அதுதான் முடியும். மூணாவது பங்கு நின்னுச்சுங்க. அப்படியே கண்ணாடி மாதிரி நின்னுச்சு. ஆய்வகத்துல தனியா இருந்தேன், யார்கிட்டச் சொல்றது? வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆம்லெட்டுக்கு ஆகாதுங்களே சார்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

முட்டை மட்டும் பத்தாதுன்னாரு கைடு. உசுரு இருக்கறதுல காட்டணுமாம். எலிக்குப் பாதத்துல ஊசி போட்டு வீங்க வெச்சு, அப்பறம் மருந்து குடுத்துப் பார்க்கணும். அதுக்கு அனுமதி வாங்கணுங்க. எலி வளர்க்க அறை வேணும், கமிட்டி வேணும், கமிட்டியில மாட்டு டாக்டர் ஒருத்தர் வேணும். ஒரு எலியைக் கஷ்டப்படுத்தறதுன்னா அவ்வளவு கேள்வி கேக்கறாங்க. எங்க காலேஜ்ல அதெல்லாம் ஆகற காரியமா?

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, வீட்டுலயே இருக்குதேன்னு.

என்ற சம்சாரம் சாந்தாமணிக்கு மூட்டுவாதம். எங்க பொண்ணு தாரணி கோயமுத்தூர்ல வேலைக்குப் போன வருசம் ஆரம்பிச்சுது. வயசானா வர்ற தேய்மானம் இல்லீங்க இது. ஒடம்பே ஒடம்பை எதிரியா நெனச்சுக்கிட்டு மூட்டை அரிக்கறது. வெரல் முட்டியெல்லாம் வீங்கி, காலையில எந்திரிச்சா கை மரக்கட்டையாட்டம் இருக்கும். அவ ஒயர் கூடை பின்னுவா, தெருவுல எல்லாரும் அவகிட்டத்தான் வாங்குவாங்க. அது நின்னுபோச்சு. அப்பறம் பாட்டில் மூடி திறக்க முடியல. அப்பறம் ஜாக்கெட் கொக்கி போட முடியல. காலையில நான்தானுங்க போட்டுவிடுவேன். காலேஜ் பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டு இருக்கும், நான் கொக்கி போட்டுக்கிட்டு இருப்பேன். அவ செவுத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பா.

சேலத்துல ஒரு டாக்டரம்மா பார்த்தாங்க. வாரத்துக்கு ஒருக்கா போடற மாத்திரை ஒன்னு, வலி அதிகமானா போடறதுக்குச் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்னு. கொஞ்சம் கொஞ்சமாக் கேட்டுக்கிட்டு வந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா பாருங்க தம்பி, மாத்திரையும் போட்டு, கிழங்கையும் குடுத்தா, எது வேலை செஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு பேர் சேர்ந்து தள்ளின வண்டி யார் தள்ளி நகர்ந்துச்சுன்னு சொல்ல முடியுங்களா? அதனால மாத்திரையை நிறுத்தினேன்.

நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களேன்னு அவ கேட்டா. ஒரே ஒரு தடவ கேட்டா. மாத்திரை எழுதத்தான் அவங்களுக்குத் தெரியும், அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன். அவ்வளவுதான். அவ எதையும் ரெண்டாவது தடவ சொல்ல மாட்டா. கல்யாணம் ஆனதுல இருந்தே அப்படித்தான். நானும் அதைச் சம்மதம்னுதான் எடுத்துக்குவேன். மாத்திரை டப்பாவைக் கொண்டுபோயி காலேஜ் பீரோவுல வெச்சுட்டேன். கண்ணுல பட்டா எடுக்கத் தோணும் பாருங்க, அதுக்காக.

ஆடி மாசம் மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். பச்சைக் கிழங்குலயே ஆரம்பிக்கலாம்னு. கோயில் பக்கத்துல வெள்ளச்சின்னு ஒரு அம்மா, சூப்புக்கடை வெச்சிருக்கறாங்க. வீட்டுக்காரர் இல்லை, பசங்க திருப்பூர்ல. வீட்டுல ஒரு அறை சும்மா கெடந்துச்சு, அதுல தங்கினோம். காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். மெளகு, சீரகம், சின்ன வெங்காயம் எல்லாம் தட்டிப் போட்டுக் கொதிக்க வெச்சுத் தருவாங்க. நான் பகல்ல காட்டுக்குள்ள போயிக் கிழங்கு சேகரிப்பேன், அவ வீட்டுல இருப்பா.

ஒரு வாரத்துல சாந்தாமணி கையை மூடிட்டா தம்பி. இந்த மாதிரி, முழுசா. நான் நூல் போட்டு வெரல் முட்டியைச் சுத்தி அளந்துக்குவேன். நூல் கொறைஞ்சுது. ரத்த அழுத்தம் பார்க்கற பட்டையைச் சுருட்டி, கொஞ்சம் காத்தடிச்சு, அதை அமுக்கச் சொல்லுவேன். முள்ளு எவ்வளவு ஏறுதோ அதுதான் கைப்பிடி பலம். முள்ளு ஏறுச்சு. அன்னைக்கு நான் அந்தப் பட்டையைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னு அழுதேன். சாந்தாமணி உள்ள இருந்து எட்டிப் பார்த்தா, என்னமோ சொல்ல வந்தா. நான் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு அடுத்த கையை நீட்டச் சொன்னேன்.

கிழங்கு ஒரு சாக்கு நெறைய கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தோம். அதே கிழங்கு, அதே மெளகு, அதே அளவு. அவதான் ரோமத்தைச் சொரண்டி, தோல் சீவி, நறுக்கி வைப்பா. அது லேசுல சீவ வராது, கத்தியை அழுத்திப் புடிக்கணும். காலையில அந்த வேலையை முடிச்சுட்டு, மாடிக்குக் கீழ இருந்து தண்ணி தூக்கிட்டு வந்து, சமைச்சு வெச்சு, எனக்குச் சோறு கட்டிக் குடுத்துட்டு, அப்பறம் சூப்பு குடிப்பா. எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுங்க. நான் பக்கத்துலயே இருந்து பார்த்துக்குவேன். என்ன தின்கறா, என்ன குடிக்கறா, காலேஜ் போயிட்டு வந்தா குப்பைக்கூடையில என்ன கெடக்குது, எல்லாத்தையும். ஆனா ரெண்டு வாரத்துல பழைய மாதிரி வீங்கிப்போச்சு. நூல் பத்தல.

மறுபடி மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். கொறைஞ்சுது. கீழ வந்தோம். ஏறுச்சு. மறுபடி மலை. கொறைஞ்சுது.

நீங்களே சொல்லுங்க, என்ன அர்த்தம்? எடத்துல என்னமோ இருக்குதுன்னுதானே? நான் விடலீங்க. தண்ணிதான் காரணமா இருக்கும்னு மலைத் தண்ணியைக் கேன்ல புடிச்சுக்கிட்டு இந்த பஸ்ஸுலயேதான் வந்தேன். கண்டக்டர் டிக்கெட் போடட்டுமா தண்ணிக்குன்னு கேட்டாரு. தண்ணி காரணம் இல்ல. அப்பறம் காய்ஞ்சுபோறதுனால சரக்கு கெட்டுருதோன்னு, ஈரத்துணி சுத்தி ஐஸ் பெட்டியில கொண்டுவந்தேன். அதுவும் இல்ல. அப்பறம் எந்த மரத்துல ஒட்டி வளருதுங்கறதைப் பார்த்தேன். பாறையில வளர்ந்தது தனி, பலாமரத்துல வளர்ந்தது தனி, சில்வர் ஓக் மரத்துல வளர்ந்தது தனி. ஒவ்வொன்னுத்துக்கும் முட்டை உடைச்சேன். எங்க வீட்டுல இந்த நாலு மாசமா வெள்ளைக்கரு எனக்கு, மஞ்சக்கரு பக்கத்து வீட்டு நாய்க்கு. எல்லாமே முட்டைக்குக் கேட்டுச்சுங்க. கீழ இருக்கறப்போ சாந்தாமணிக்கு மட்டும் கேக்கல.

கைடுகிட்ட போன்ல சொன்னேன். சுவாரசியமா இருக்குதே, அந்த மாறுபாட்டையே ஒரு அத்தியாயமா எழுதுன்னாரு. உயரமும் வினையாற்றும் சேர்மங்களும். தலைப்பு அவரே சொன்னாரு. என் வாழ்க்கையில அவரு சுவாரசியமா இருக்குதுன்னு சொன்னது அது ஒன்னுதான்.

அப்பத்தான் புரட்டாசியில அவளை அங்கயே விட்டு வெக்கலாம்னு முடிவு பண்ணினேன். வெள்ளச்சி அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க, தனியா இருக்கறதுக்கு ஒரு துணைன்னு. சாந்தாமணிகிட்டச் சொன்னேன். சரின்னா. இத்தனை வருசத்துல அவ அவ்வளவு வேகமா சரின்னு சொல்லி நான் கேட்டதில்ல. பையைக்கூட ஏற்கெனவே எடுத்து வெச்சிருந்தாப்பல இருந்துச்சு.

வாரக் கடைசியில நான் மேல போவேன். நூல், பட்டை எல்லாம் எடுத்துக்கிட்டு. சனிக்கிழமை அளப்பேன், ஞாயித்துக்கிழமை அளப்பேன், எறங்கிருவேன். வாரா வாரம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஒருநாள் போனப்ப கடை முன்னாடி ஒயர் கூடை நாலஞ்சு தொங்குது. மஞ்சளும் பச்சையும். யாரு பின்னினதுன்னு கேட்டா, வெள்ளச்சி அம்மா சாந்தாமணியைக் கை காட்டறாங்க. டவுனுக்காரங்க வாங்கிட்டுப் போறாங்களாம். எனக்கு அவ்வளவு சந்தோசம். வெரலோட நுணுக்க அசைவு திரும்பியிருக்குதுன்னு அதுக்கு ஒரு தனி மதிப்பெண் போட்டுக்கிட்டேன்.

இன்னொரு வாரம் போனா, ரெண்டு பேரும் கடையில உக்காந்து எதையோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னையப் பார்த்ததும் நிறுத்தினாங்க. என்ன சிரிப்புன்னு கேட்டேன். ஒன்னும் இல்லைன்னாங்க. பொம்பளைங்க ஏதாச்சும் பேசுவாங்க, நமக்கு என்ன? நான் பட்டையை எடுத்து நீட்டினேன்.

ஒன்னு மட்டும் என்னமோ மாதிரி இருந்துச்சுங்க. காலையில எந்திரிச்சுப் பார்த்தா அவ குளிச்சுத் தயாரா நிப்பா. கொக்கியெல்லாம் போட்டிருப்பா. அவளே போட்டுக்கிட்டது. நல்ல விசயந்தானே? குறிச்சு வெச்சுக்க வேண்டிய விசயம். நான் குறிச்சுக்கவும் செஞ்சேன். ஆனா என் கை சும்மா இருந்துச்சு. அந்த நேரத்துக்கு என்ன பண்றதுன்னு தெரியாம வெளிய வந்து மலையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

இன்னைக்குத்தான் கடைசிக் கட்டம். இத்தனை மாசம் கெடந்து அந்த மூணாவது பங்கையும் பிரிச்சு, உள்ள இருந்த ஒரே ஒரு சேர்மத்தைத் தனியா எடுத்துட்டேன். மஞ்சளா, உப்பு மாதிரி, சிட்டிகை அளவுதான். அதைக் கேப்சூல்ல அடைச்சு எடுத்துக்கிட்டு காலைப் பஸ்ஸுல ஏறினேன். இனிமே சூப்பு வேண்டாம், கிழங்கு வேண்டாம், இது மட்டும் போதும். இதுக்குக் கேட்டுச்சுன்னா என் வேலை முடிஞ்சுது. வழியெல்லாம் அதே நெனப்பு. முன்னுரையில சாந்தாமணிக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதணும்னுகூட நெனச்சுக்கிட்டு வந்தேன்.

கடையில நல்ல கூட்டம். அவதான் சூப்பு ஊத்திக் குடுத்துக்கிட்டு இருந்தா. அண்டாவை ரெண்டு காதையும் புடிச்சு அவளே எறக்கி வெச்சா. நான் கேப்சூல் டப்பாவை நீட்டி விசயத்தைச் சொன்னேன். கொஞ்சம் இருங்க, இவங்களுக்குக் குடுத்துட்டு வர்றேன்னா. குடுத்து முடிச்சு, கையைத் தொடைச்சுக்கிட்டு, எனக்கு எதிர்த்தாப்பல பலகையில வந்து உக்காந்தா. வெள்ளச்சி அம்மா வேலை இருக்கற மாதிரி உள்ள போயிட்டாங்க.

"ஏனுங்க," அப்படின்னா. "நான் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன்."

எனக்கு மொதல்ல வெளங்கல. எந்த மாத்திரைன்னு கேட்டேன்.

"டாக்டரம்மா குடுத்ததுதான். தாரணி அவங்ககிட்டப் பேசி வாங்கி, மலைக்கு வர்ற பஸ்ஸுல குடுத்தனுப்பறா. ரத்தம் டெஸ்டு பண்ணறதுக்குக்கூட ரெண்டு தடவ சேலம் போயிட்டு வந்தேன், வெள்ளச்சி அக்கா தொணைக்கு வந்தாங்க. கீழ இருந்தா நீங்க பார்த்துக்கிட்டே இருப்பீங்க. இங்க நீங்க சனிக்கிழமைதானே வருவீங்க."

தாரணி. என்ற பொண்ணுங்க. தெனமும் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி, சாப்பிட்டீங்களாப்பான்னு கேப்பா. ஒரு வார்த்தை சொல்லல பாருங்க.

சூப்பு என்ன ஆச்சுன்னு கேட்டேன். அதையும் குடிக்கறேன்னா. ருசியா இருக்குது, அதுக்காகக் குடிக்கறேன், மலைக் குளிருக்கு எதமா இருக்குதுன்னா.

என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன். கோவமாக் கேக்கல, சும்மாதான் கேட்டேன். அதுக்கு அவ சொன்னா, "மொத தடவ நீங்க வாசல்ல நின்னு அழுதீங்கல்ல, அன்னைக்கே சொல்லலாம்னு வந்தேன். நீங்க அடுத்த கையை நீட்டச் சொன்னீங்க. அதுக்கப்பறம் ஒரு நாளாச்சும் எப்படி இருக்குதுன்னு கேட்டீங்கன்னா சொல்லிரலாம்னு இருந்தேன். நீங்க நூல்தான் போட்டுப் பார்த்தீங்க."

எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தானுங்க நூல் போடறது? வாய் வார்த்தையை நம்பி ஆராய்ச்சி பண்ண முடியுங்களா? நேத்தை விடப் பரவாயில்லைங்கறதெல்லாம் ஒரு அளவா? அதை அவகிட்டச் சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா மனசுக்குள்ள வேற ஒன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. மொத தடவ மலைக்கு வந்தப்ப இருந்த அளவு, ரெண்டாவது தடவ, மூணாவது தடவ. எதை எடுக்கறது, எதை விடறது? எந்தத் தேதியில இருந்து சாப்பிடறேன்னு கேட்டேன்.

அவ சிரிச்சா. அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும்னு சொன்னா. நான் டப்பாவைக் கொண்டுபோறதுக்கு முந்தியே ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வெச்சிருந்து, மொத தடவ மலைக்கு வந்தப்பவே துணிக்குள்ள சுத்தி எடுத்துட்டு வந்தாளாம். மொத நாள்ல இருந்தே. அப்படின்னா எல்லாம் போச்சு தம்பி. உயரமும் போச்சு, பலாமரமும் போச்சு, சில்வர் ஓக்கும் போச்சு. அத்தியாயமே போச்சு. முட்டை மட்டுந்தான் மிச்சம்.

பரவாயில்ல, இப்பவாச்சும் சொன்னாளேன்னு நான் மனசைத் தேத்திக்கிட்டு, ஒரு வழி சொன்னேன். ஒரு மாசம், ரெண்டு மாசம் மாத்திரையைச் சுத்தமா நிறுத்தினா ஒடம்புல இருந்து போயிரும். அப்பறம் இந்தக் கேப்சூலை மட்டும் வெச்சு முறையா ஆரம்பிக்கலாம். நேரம் இருக்குது. பையை எடு, கெளம்பலாம்னேன்.

"நான் வரலைங்க," அப்படின்னா.

எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். கடைக்கு வந்தவங்க டம்ளரை நீட்டினாங்க, அவ எந்திரிச்சுப் போயி ஊத்தினா. கோவமெல்லாம் இல்லீங்க. கோவப்பட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். பஸ்ஸுல போறப்பத் தின்கறதுக்கு வாழைப்பழம் எடுத்து வெச்சா. எனக்கும் ஒரு டம்ளர் சூப்பு குடுத்தா. இத்தனை நாள்ல நான் அதைக் குடிச்சதே இல்ல தெரியுங்களா? ஆராய்ச்சி பண்றவன் தொடக் கூடாதுன்னு வெச்சிருந்தேன். இன்னைக்குக் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சுங்க. தொண்டையில மெளகு நின்னுச்சு.

பொங்கலுக்கு வந்துருவா. வராம? வீடு இருக்குது, பாத்திரம் பண்டம் எல்லாம் இருக்குது. அவ வளர்க்கற கறிவேப்பிலைச் செடி இருக்குது, நான் தண்ணி ஊத்தறனான்னுகூட அவ கேக்கல, மறந்திருப்பா.

பஸ் நிக்குதுங்களா? அடிவாரம் வந்துருச்சு. இது வனத்துறை செக்போஸ்ட், மூட்டையெல்லாம் பார்ப்பாங்க. ஒன்னும் பயமில்ல, என்கிட்ட அனுமதிச் சீட்டு இருக்குது. சார், இதுங்க சார், முடவாட்டுக்கால்தான். காலேஜுக்கு. வாரா வாரம் கொண்டுபோறதுதான். பிரிச்சுக் காட்டணுங்களா? காட்டறேன் சார், ஒரு நிமிசம்.

தம்பி, இந்தச் சாக்கை இப்படிக் கொஞ்சம் புடிங்க. முடிச்சு அவுக்க வரல. நகமே போகுது. கெளம்பறப்ப சாந்தாமணி கட்டிக் குடுத்தது. உங்ககிட்டச் சாவி எதுனா இருக்குதுங்களா, நெம்பிப் பார்க்கலாம். இல்லீங்களா? எவ்வளவு இறுக்கிப் போட்டிருக்கறா பாருங்க. பட்டையில முள்ளை இந்த அளவுக்கு ஏத்தினதே இல்ல அவ. சரிங்க சார், வெளிய இருந்தே தடவிப் பாருங்க, ரோமம் தெரியும். ஆமாங்க. நன்றிங்க சார்.

நல்ல மனுசன். போங்கன்னு சொல்லிட்டாரு.

இனி நேர் ரோடுதான், சீக்கிரம் போயிரும். வாழைப்பழம் சாப்பிடறீங்களா? மலைப்பழம், நல்லா இருக்கும். எடுத்துக்குங்க, எனக்கு எறங்க மாட்டேங்குது.

உங்களை ஒன்னு கேக்கலாங்களா தம்பி? தப்பா நெனச்சுக்கக் கூடாது. உங்க வீட்டுல, இல்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காச்சும், மூட்டு வீக்கம் இருக்குதுங்களா? வயசான வலி வேண்டாம். காலையில கை மடங்காம இருக்குமே, அது. மாத்திரை ஆரம்பிக்காதவங்களா இருந்தா நல்லது. ஆரம்பிச்சிருந்தாலும் பரவாயில்ல, சொல்லிப் புரிய வெக்கலாம். ஒரு பைசா செலவு இல்ல. நானே வீட்டுக்கு வந்து அளந்துக்குவேன், அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.

யாரும் இல்லீங்களா. சரிங்க.

எனக்கா? எனக்கு எங்க வலிக்குதுன்னா கேக்கறீங்க? எனக்கு ஒன்னும் இல்லீங்க. தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு எடத்துலயும் வலி இல்ல. வலி இருந்திருந்தா நானே தின்னு பார்த்திருப்பனே, இவ்வளவு தூரம் வந்திருக்காது.